காற்று அரிக்கும் மண்: நெடுங்காலப் பதிவு ஏன் வேண்டும்?

அரிசியில் கல் அரிப்பதை நம்மில் பலர் வீட்டில் கண்டிருப்போம். பாத்திரத்தில் அரிசியை இட்டு, நீர் ஊற்றி, மெல்ல ஆட்டியபடியே வேறொரு பாத்திரத்தில் சாய்ப்பார்கள். அரிசி நீரோடு போகும். கனத்த கல் அடியில் தங்கிவிடும். 'அரி' என்னும் வினைக்குச் சிறிது சிறிதாகத் தின்று குறைத்தல் என்னும் பொருள் உண்டு. கறையான் அரித்தது என்கிறோம். பிரித்தெடுத்தல் என்னும் பொருளும் உண்டு; அதுவே கல் அரித்தல். மண்ணரிப்பு என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் முதற்பொருளையே நினைக்கிறோம். காற்றால் நிகழும் மண்ணரிப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகே, இரண்டாம் பொருளும் அதற்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது எனக்கு விளங்கியது.

நான் மண்ணியல் அறிஞன் அல்லன். மொழியியல் கற்று, கற்பித்து, ஓய்வுபெற்றவன். ஆயினும் இத்துறையின்பால் என்னை ஈர்த்த வினா ஒன்று உண்டு. ஒரு தலைமுறையின் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெல்ல நிகழும் மாற்றத்தை எப்படி அளப்பது? மொழியை ஆராய்வோர்க்கும் மண்ணை ஆராய்வோர்க்கும் இவ்வினா பொதுவானது. மண் ஆய்வாளர்கள் இதற்குக் கண்ட விடையை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண் நகரும் மூவகை

மழை மிகுந்த நம் நாட்டில் மண்ணை அரிப்பது பெரும்பாலும் நீரே. வறண்ட நிலங்களில் அவ்வேலையைக் காற்று செய்கிறது. காற்று மண்ணை நகர்த்தும் விதத்தை முறையாக ஆராய்ந்தோருள் முன்னோடியானவர் ரால்ஃப் பேக்னால்டு. ஆங்கிலேயப் படைப் பொறியாளராகிய இவர் லிபியப் பாலைவனத்தில் பயணம் செய்து, காற்றுச் சுரங்கத்தில் சோதனைகளும் நடத்தி, காற்றடி மணலின் இயற்பியலைப் பற்றி 1941ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இன்றளவும் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது.

மண்துகள்கள் மூவகையில் நகர்கின்றன. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமணல், காற்றால் மேலெழ இயலாமல் தரையோடு தரையாக உருண்டு செல்லும். இதனை ஊர்தல் எனலாம். ஏறத்தாழ 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் வரையுள்ள மணல், எழும்பி, சிறிது தொலைவு சென்று விழுந்து, மீண்டும் எழும்பும். அதனினும் நுண்ணிய துகள்கள் காற்றில் மிதந்து நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும், இது மிதத்தல்.

நடுவிலுள்ள வகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், குதித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் துள்ளல் என்று எழுதுவாரும் உளர். துள்ளல் நின்ற இடத்திலேயே நிகழலாம். விழுந்தெழுந்து முன்னேறிச் செல்வதற்குத் தத்துதல் என்னும் வினை நம்மிடம் முன்பே இருக்கிறது. தத்துக்கிளி அப்படித்தான் செல்கிறது. ஆகவே தத்தல் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்தத் தத்தலே காற்றரிப்பின் உயிர்நிலை. காற்றால் நகரும் மண்ணில் பெரும்பகுதி தத்தியே நகர்கிறது. நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடப்பதால், வெறுங்காற்று அவற்றை எளிதில் பெயர்ப்பதில்லை. தத்தி வரும் மணல் வந்து மோதும்போதுதான் அவை உடைந்து புழுதியாக எழுகின்றன. வானில் நாம் காணும் புழுதி மேகத்துக்கு, முழங்காலுக்குக் கீழே தத்திச் செல்லும் மணலே பெரும்பாலும் காரணம்.

காற்று எல்லா வேகத்திலும் மண்ணைப் பெயர்ப்பதில்லை. காய்ந்து உதிர்ந்து கிடக்கும் வெற்று மண்ணில், தரைக்கு ஓரடி மேலே மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தைக் காற்று எட்டினால் மணல் நகரத் தொடங்கும். ஈரம், கட்டிதட்டிய மேற்பரப்பு, கல், சருகு, புல் ஆகியவை இருப்பின் இந்தத் தொடக்க வேகம் உயரும். அதைக் கடந்த பின்னர், நகரும் மணலின் அளவு காற்றின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. ஏறக்குறைய வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது, வேகம் இருமடங்கானால் மணல் எண்மடங்காகும். ஓராண்டில் போகும் மண்ணின் பெரும்பகுதி ஒருசில நாள்களிலேயே போய்விடக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும். அந்த நாள்களில் அளவுகருவி அங்கே இல்லையெனில், ஆண்டு முழுவதும் அளந்ததாகச் சொல்லிப் பயனில்லை.

கண்ணில் பட்ட புழுதி

காற்றரிப்பை உலகம் கவனித்த காலம் 1930கள். வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்திருந்தனர். நீண்ட வறட்சி வந்தது; பயிர் பொய்த்தது; உழுத மண் மூடாமல் கிடந்தது. தமிழில் புழுதி என்னும் சொல் காற்றில் பறக்கும் தூசியையும் குறிக்கும்; உழுது காயவிட்ட மண்ணையும் குறிக்கும். திருக்குறளின் உழவு அதிகாரத்தில் இச்சொல் இரண்டாம் பொருளில்தான் வருகிறது. பெருஞ்சமவெளியில் இரண்டாம் புழுதியே முதற்புழுதியாக மாறியது.

1934ஆம் ஆண்டு மே மாதம் எழுந்த புயல் அந்த மண்ணை நியூயார்க், வாஷிங்டன் நகரங்கள்வரை கொண்டுசென்றது. அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களின் மேல்தளங்களிலும் புழுதி படிந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் வீசிய புயல் பகலை இரவாக்கியதால், அந்நாள் கறுப்பு ஞாயிறு எனப் பெயர் பெற்றது. அதே மாதம் 27ஆம் நாள் மண்வளப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஹியூ ஹாமண்ட் பென்னட் என்னும் மண்ணியலாளர் தலைமையில் மண்வளப் பாதுகாப்புப் பணித்துறை அமைந்தது. காற்றுத்தடுப்பு வரிசைகளாக 20 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன.

மழை திரும்பியதும் விலைவாசியும் உயர்ந்தது. மீண்டும் நிலங்களை உழுதனர். 1950களில் வறட்சி வந்தபோது தெற்குச் சமவெளியில் மீண்டும் புழுதி எழுந்தது. இருபது ஆண்டுகளுக்குள் படிப்பினை மங்கிவிட்டது. மனித நினைவை நம்பி நிலத்தைக் காக்க இயலாது என்பதற்கு இது தக்க சான்று.

கண்ணில் படாத இழப்பு

புழுதிப்புயலைக் காணாதார் இலர். ஆனால் பேரிழப்பு எப்போதும் புயலாக வருவதில்லை. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மண் போய்விட்டது என்று கொள்வோம். பத்துத் தாள்களை அடுக்கினால் வரும் தடிமன் அது. உழவர் எவரும் அதைக் கண்ணால் அறிய இயலாது. கணக்கிட்டுப் பார்த்தால், பத்துக் கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 13 டன் மண். ஆண்டுதோறும் அவ்வாறு போனால், பிறந்த குழந்தை இருபது வயதை எட்டுவதற்குள் இரண்டு சென்டிமீட்டர் மேல்மண் போயிருக்கும். அந்த இளைஞருக்கோ, தாம் காணும் நிலமே இயல்பான நிலம்.

கல் அரித்தலை இங்கே மீண்டும் நினைவுகூரலாம். காற்று மண்ணை அப்படியே அள்ளிச் செல்வதில்லை, பிரித்தெடுத்துச் செல்கிறது. நைட்ரசன், பாஸ்பரசு, மட்கு ஆகிய சத்துகள் பெரிதும் நுண்துகள்களோடு ஒட்டியிருப்பவை. காற்றில் மிதந்து போவனவும் அவையே. பருமணலும் கல்லும் எஞ்சுகின்றன. சமையலறையில் நீரோடு போகும் அரிசியை ஏந்த இரண்டாம் பாத்திரம் இருக்கிறது. வயலில் அது இல்லை. போன நுண்துகள் தொலைதூர நகரத்தாரின் நுரையீரலிலும், மலைப்பனியின் மீதும், கடலிலும் சென்று படிகிறது. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் பனிமீது படியும் செம்புழுதி வெயிலை உறிஞ்சுவதால், பனி பல வாரங்கள் முன்னதாகவே உருகிவிடுவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர்.

ஹோர்நாடாவின் முளைகள்

நெடுங்காலப் பதிவின் மதிப்பை உணர்த்துவதற்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ஹோர்நாடா ஆய்வுநிலத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1912ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மேய்ச்சல்நில ஆய்வகம் அது.

அதற்கும் முன்பு, 1858ஆம் ஆண்டில், அரசு நில அளவையாளர்கள் அப்பகுதியில் எல்லைக்கோடுகளை அளந்து சென்றனர். அவர்களுடைய வேலை நிலத்தைப் பங்கிட்டுக் குறிப்பது மட்டுமே. ஆயினும் கோடு நெடுகிலும் புல் எவ்வாறு இருந்தது, புதர் எங்கே இருந்தது என்பதையும் குறிப்பேட்டில் எழுதினர். நூறாண்டு கழித்து பஃபிங்டன், ஹெர்பெல் என்னும் இரு ஆய்வாளர்கள் அக்குறிப்புகளைப் பிற்கால நிலவரைபடங்களோடு ஒப்பிட்டு, 1965இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். 1858இல் ஆய்வுப்பகுதியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நல்ல புல்வெளியாக இருந்தது. 1963இல் அது கால்பங்குக்கும் குறைந்துவிட்டது. புல் இருந்த இடத்தை மெஸ்கிட் போன்ற முட்புதர்கள் பிடித்துக்கொண்டன.

புல் போனதால் மண் என்ன ஆயிற்று? அதற்கும் அங்கே பதிவு உண்டு. 1933, 1935ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் நிலத்தில் முளைகளை அடித்து, மண்மட்டம் நின்ற இடத்தைக் குறியிட்டு வைத்தனர். பின்வந்தோர் அதே முளைகளை 1950களிலும் 1980இலும் மீண்டும் அளந்தனர். சில இடங்களில் அரை மீட்டருக்கு மேல் மண் போயிருந்தது. வேறு சில இடங்களில், புதரடியில், அரை மீட்டருக்கு மேல் மண் குவிந்திருந்தது. ஒருகாலத்தில் சமதளமாக இருந்த புல்வெளி, மேடும் பள்ளமுமான மணற்குன்றுகளாக மாறிவிட்டது.

முளை அடித்தவருக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. முளையும் குறியும், எந்த முளை எங்கே இருக்கிறது என்ற தெளிவான எழுத்தும் இருந்தன. அளந்தவர் ஒருவர்; நாற்பத்தைந்து ஆண்டு கழித்து விடை கண்டவர் வேறொருவர்.

ஒரே முறை, பல இடங்கள்

ஓரிடத்தின் பதிவு அவ்விடத்துக்கே உரியது. நாடு முழுவதற்கும் விடை வேண்டுமானால், பல இடங்களில் ஒரே முறையில் அளக்க வேண்டும். நெடுங்காலம் இது நடைபெறவில்லை. ஒருவர் ஒருவகைப் பொறியிலும் வேறொருவர் வேறுவகைப் பொறியிலும் மணலைப் பிடித்தனர். உயரமும் வேறு, கால அளவும் வேறு. ஒவ்வோர் ஆய்வும் தனித்தனியே சரியாக இருக்கலாம். அருகருகே வைத்து ஒப்பிட இயலாது.

இக்குறையை நீக்குவதற்காக 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் தேசியக் காற்றரிப்பு ஆய்வு வலையமைப்பு தொடங்கப்பட்டது. மேற்கு மாநிலங்களில் மேய்ச்சல்நிலம், பயிர்நிலம் என இருவகை நிலங்களிலும் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஆய்வுத்தளங்கள் அமைந்தன. தளத்தின் அமைப்பை விளக்குவது பயனுடையது.

ஒவ்வொரு தளமும் நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு ஹெக்டேர் சதுரம். அங்கே பத்து மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. பல உயரங்களில் காற்றின் வேகத்தை இடைவிடாது பதிகிறது. சதுரத்துக்குள் 27 கம்பங்கள் பரவலாக நடப்பட்டுள்ளன. ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு மீட்டருக்குள் நான்கு உயரங்களில் சிறு குப்பிகள் பொருத்தப்பட்டிருக்கும். குப்பியின் மூடியில் இரண்டு வளைந்த குழாய்கள். ஒன்றின் வழியே காற்றும் மணலும் நுழையும். உள்ளே வேகம் தணிந்து மணல் படியும். மற்றொன்றின் வழியே காற்று வெளியேறும். காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் குப்பிகள் அத்திசை நோக்கித் திரும்பும். குறித்த கால இடைவெளியில் அவற்றைக் கழற்றி, மணலை நிறுத்து எழுதுகின்றனர். ஒரு மீட்டர் அகலமுள்ள வாயில் ஒன்று நிற்பதாகக் கருதினால், அதன் வழியே ஒரு நாளில் எத்தனை கிராம் மண் கடந்தது என்று இதிலிருந்து கணக்கிடலாம்.

மண்ணை மட்டும் அளந்தால் போதாது. எதனால் அது போயிற்று என்பதையும் அளக்க வேண்டும். ஆகவே அளவுநாடாவை நிலத்தில் நீட்டி, குறித்த இடைவெளிதோறும் மெல்லிய ஊசிக்கம்பி ஒன்றை நேராக இறக்கி, அது எதைத் தொடுகிறது என்று எழுதுகின்றனர்: இலையா, சருகா, கல்லா, வெற்று மண்ணா? செடிகளின் உயரத்தையும், செடிக்கும் செடிக்கும் இடையே உள்ள வெற்றிடத்தின் நீளத்தையும் அளக்கின்றனர்.

இந்த வெற்றிடத்தின் நீளம் முக்கியமானது. இரண்டு நிலங்களில் செடிகள் மூடிய பரப்பு ஒன்றாகவே இருக்கலாம். ஒன்றில் சிறு புற்கள் பரவி நிற்கின்றன. மற்றொன்றில் பெரும்புதர்கள் சில தொலைதூரத்தில் நிற்கின்றன. பரப்பளவை மட்டும் நோக்கினால் இரண்டும் ஒன்றே. காற்றுக்கு அவ்வாறு இல்லை. புற்களிடையே அதற்கு வேகம் கூட்ட இடமில்லை. புதர்களிடையே நீண்ட தெருக்கள் திறந்து கிடக்கின்றன. ஹோர்நாடாவில் நிகழ்ந்தது இதுவே.

வெற்றிடத்தை அளக்கும் இம்முறையை அந்நாட்டு அரசு முகமைகள் ஆயிரக்கணக்கான இடங்களில் முன்பிருந்தே கையாண்டு வருகின்றன. எல்லா இடங்களிலும் கோபுரமும் குப்பியும் நிறுவ இயலாது. கோபுரமுள்ள தளங்களில் செடிநிலைக்கும் மண் நகர்வுக்கும் உள்ள தொடர்பை நன்கு கண்டறிந்தால், கோபுரமில்லாத இடங்களில் செடிநிலையை மட்டும் அளந்தே மண் நகர்வை மதிப்பிடலாம். வலையமைப்பின் அடிப்படைக் கருத்து இதுவே. வெற்று மண் என்றால் என்ன, சருகு என்றால் என்ன என்பதில் அளப்போர் அனைவரும் ஒரே வரையறையைக் கைக்கொண்டால் மட்டுமே இது கைகூடும். சொல்லின் பொருள் வழுவினால் எண்ணும் வழுவும்.

நிலத்தை ஆள்வோர்க்கு என்ன பயன்?

கண்காணிப்பு என்பது ஆய்வாளர் கட்டுரை எழுதுவதற்காக மட்டும் அன்று. நிலத்தை ஆள்வோர் நாள்தோறும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இவ்வாண்டு எத்தனை மாடுகளை மேய விடலாம்? எப்போது அவற்றை வேறிடத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும்? அறுவடைக்குப் பின் தாளை எவ்வளவு உயரம் விட்டுவைக்க வேண்டும்? தீப்பிடித்த நிலத்தில் எத்தனை ஆண்டு மேய்ச்சலைத் தவிர்க்க வேண்டும்?

பல வறண்ட நிலங்களில் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மண்ணின்மேல் மெல்லிய ஓடு ஒன்றை உருவாக்குகின்றன. குளம்பு பட்டாலோ சக்கரம் ஏறினாலோ அது உடையும். மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகலாம். மேய்ச்சலால் செடிகளின் இடைவெளி நீள்கிறது என்று பதிவு காட்டினால், மண் போவதற்கு முன்பே மேய்ச்சலைக் குறைக்கலாம். புயல் வந்த பிறகு செய்வது பரிகாரம். இடைவெளி நீளும்போதே செய்வது காப்பு. முதலாவது செலவு மிக்கது. பல இடங்களில் இயலாததும்கூட. மேல்மண்ணை இயற்கை மீண்டும் உருவாக்க நூற்றாண்டுகள் வேண்டும்.

வறட்சியால் வந்த இழப்பு எது, மனிதர் செயலால் வந்த இழப்பு எது என்று பிரித்தறிவதற்கும் நெடுங்காலப் பதிவே துணை. இரண்டாண்டுப் பதிவில் ஒன்று வறண்ட ஆண்டாகவும் மற்றொன்று மழை ஆண்டாகவும் இருந்தால், மழையின் பயனை நம் திட்டத்தின் பயனாகக் கருதி ஏமாறுவோம். பல வறட்சிகளையும் பல மழைக்காலங்களையும் கண்ட பதிவே நடுநிலையாகச் சான்று கூறும்.

தமிழ் நிலத்துக்கும் காற்றரிப்பு புதிதன்று. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் காற்று குவித்த செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குமலைக் கணவாய்களின் வழியே வறண்டு வீசும் மாதங்களில் அங்கே மணல் நகர்கிறது. பனையும் முந்திரியும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அந்நிலத்துக்கெனத் தனிச்சொல் படைத்த மக்கள், அதன் இயல்பையும் நன்கு அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

ஒரு குறிப்பேட்டின் கதை

என் அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1980களின் நடுவில், இளம் ஆய்வாளனாகத் தோட்டப்புறங்களில் பேச்சுத்தமிழ்ச் சொற்களைத் திரட்டினேன். குறிப்பேடுகள் பல நிறைந்தன. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், எந்தச் சொற்கள் வழக்கொழிந்தன என்று காண அதே பகுதிக்குச் சென்றேன். ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நின்றது. மக்களில் பெரும்பாலோர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்திருந்தனர். எஞ்சியிருந்த முதியோர் சிலரிடம் கேட்டு எழுதிவந்து ஒப்பிட உட்கார்ந்தபோதுதான் என் பிழை தெரிந்தது. முதல்முறை நான் எவ்வாறு வினவினேன் என்பதை எங்கும் எழுதிவைக்கவில்லை. பொருளைக் காட்டிப் பெயர் கேட்டேனா? சொல்லைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டேனா? இரண்டுக்கும் விடை வேறாகும். சொற்கள் என்னிடம் இருந்தன. ஒப்பிடும் தகுதி அவற்றுக்கு இல்லை. அந்தத் தோட்டத்துக்கோ, அன்று பேசிய பெரியோருக்கோ நான் திரும்பிச் செல்ல வழியில்லை.

ஹோர்நாடாவில் முளை அடித்தவர்கள் இந்தப் பிழையைச் செய்யவில்லை. எங்கே, எவ்வாறு, எந்தக் குறியிலிருந்து அளந்தோம் என்று எழுதிவைத்தனர். தாம் காணப்போகாத ஆய்வாளர் ஒருவருக்காக எழுதினர்.

ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்கு இப்பாடத்தைக் கற்பிக்கப் பாலைவனம் தேவையில்லை. பள்ளித் திடலில் அளவுநாடா ஒன்றை நீட்டி, புல் எங்கே முடிகிறது, வெற்று மண் எங்கே தொடங்குகிறது என்று மாணவர்களே அளக்கலாம். இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிட்டால், அவர்களுடைய எண்கள் ஒத்துவராது. ஏன் ஒத்துவரவில்லை என்று கேளுங்கள். புல் என்பதை ஒவ்வொருவரும் எவ்வாறு வரையறுத்தனர் என்ற உரையாடல் அங்கே தொடங்கும். வரையறையை எழுதி, நாளைக் குறித்து, நாடாவின் இரு முனைகளிலும் முளை அடித்து வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அதே முளைகளுக்கிடையே அளக்கட்டும்.